சாயப்பட்டறையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க: சிமுலேஷன் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எம்.இ. ப்ராஜெக்ட்டோ பிஎச்.டி.யோ செய்பவர்கள் பலர் டிஸ்கிரீட் ஈவன்ட் சிமுலேஷனை, அதாவது ஒரு வேலையிடத்தை நிகழ்வு நிகழ்வாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறையை, கையில் எடுக்கிறார்கள். பக்கத்திலேயே ஆலைகள் இருக்கின்றன, மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாததால் மாட்டுபவர்கள் குறைவு. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்று தெரியாமல் மாட்டுபவர்கள்தான் அதிகம். முதல் நாளே மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள், கேள்வி என்ன என்பது மூன்றாம் மாதம்தான் பிறக்கிறது.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்குத் திருப்பூரின் ஜாப் ஒர்க் சாயப்பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பின்னிங் மில், தையல் லைன், ஆஸ்பத்திரி ஓ.பி. என்று எதை எடுத்தாலும் படிகள் இவைதான். கீழே வரும் பட்டறை எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் பட்டறையின் எண்களை நீங்கள்தான் அளந்து எடுக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மெஷின் லாக் புத்தகத்தையும் லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணித் தொகுதி) கார்டுகளையும் பார்க்க முதலாளியின் அனுமதி. கேட்டால் பதில் சொல்லும் ஒரு டையிங் மாஸ்டர் அல்லது சூப்பர்வைசர். பைத்தான் ஓடும் ஒரு சாதாரண லேப்டாப், அதில் இந்த வகை சிமுலேஷனுக்கான சிம்பை (SimPy) நூலகம். சராசரி, விலகல், பரவல் என்றால் என்ன என்ற அளவுக்குப் புள்ளியியல். ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டு.

அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பார்ட்டி பெயர்களும் விலையும் உங்கள் ஆய்வில் வராது என்று அதிலேயே சொல்லிவிட்டால், புத்தகங்கள் சீக்கிரம் கைக்கு வரும்.

1. கேள்வியை ஓரிரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"சாயப்பட்டறையை மாடல் செய்வது" என்பது கேள்வி அல்ல. "இன்னொரு 250 கிலோ சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின் வாங்கினால் லாட் உள்ளே வந்து வெளியே போகும் நேரம் எவ்வளவு குறையும்? லாட் ஏற்றும் வரிசையை மாற்றியே அந்தக் குறைவைப் பெற முடியுமா?" இது கேள்வி.

கேள்வி இப்படி இருந்தால் மூன்று விஷயங்கள் தானாகவே தெளிவாகும்: எதை அளப்பது, எங்கே எல்லை போடுவது, எதை விட்டுவிடுவது. இந்தக் கேள்விக்குச் சாயத்தின் வேதியியல் வேண்டாம், டெம்பரேச்சர் கர்வும் வேண்டாம். மெஷின் எவ்வளவு நேரம் பிடிபட்டிருக்கிறது என்பது போதும்.

அடுத்து, சிமுலேஷனே தேவையா என்று காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவில் 4 மெஷின்கள், நாளுக்கு 24 மணி, வாரம் 6 நாள் என்றால் 576 மெஷின் மணி. வாரத்துக்கு 70 லாட், லாட்டுக்குச் சராசரி 7.5 மணி என்றால் 525 மணி, அதாவது 91 சதவீதம் நிரம்பியிருக்கிறது. இந்த அளவில் சின்ன மாறுபாடுகூட வரிசையை நீட்டிவிடும். சிமுலேஷனுக்கு இது சரியான இடம். 80 லாட் வந்தால் 600 மணி வேண்டும், இருப்பதோ 576. வரிசை முடிவில்லாமல் வளரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல மாடல் தேவையில்லை.

2. ஒரு லாட்டின் பின்னாலேயே நடங்கள்

கிரே துணி வண்டியிலிருந்து இறங்குவதில் தொடங்கி, காய்ந்து மடித்து வெளியே போகும் வரை ஒரே ஒரு லாட்டைத் தொடருங்கள். ராத்திரி ஷிப்ட் வந்தால் அதிலும் இருங்கள். லாட் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி: இது எதற்காகக் காத்திருக்கிறது? காத்திருக்கும்போது எதைப் பிடித்து வைத்திருக்கிறது?

இரண்டாவது கேள்வியில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். படத்தில் "சாயம் போடுதல், 8 மணி நேரம்" என்று ஒரு கட்டம் போட்டுவிடுவார்கள். உண்மையில் சாயம் ஏறி முடிந்ததும் ஒரு துண்டுத் துணியை வெட்டி, காயவைத்து, லைட் பாக்ஸில் வைத்து, ஒப்புதல் தந்த ஷேடோடு (நிற மாதிரியோடு) மாஸ்டர் ஒத்துப் பார்க்கிறார். அவர் சரி என்று சொல்லும் வரை துணி மெஷினுக்குள்ளேயே இருக்கும். அதிகாலை 3 மணிக்கு மாஸ்டர் இல்லை, ஆபரேட்டருக்கு முடிவெடுக்க உரிமை இல்லை என்றால், மெஷின் ஓடாமல் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாடலில் இந்த நேரத்தைச் சேர்க்காவிட்டால், புதிய மெஷின் வாங்கச் சொல்லும் உங்கள் பரிந்துரையே தவறாகப் போகலாம். ராத்திரியில் ஷேடு பார்க்க ஒரு ஆளை வைத்தாலே தீரக்கூடிய பிரச்சினையாக அது இருக்கலாம்.

இன்னொரு இடம் டிராலி. ஈரத்துணியை இறக்க டிராலி காலியாக இல்லை என்றால் மெஷினை விடுவிக்க முடியாது. டிரையரில் இருக்கும் நெருக்கடி பின்னோக்கி வந்து சாய மெஷினை அடைக்கும். டிராலியையும் ஒரு வளமாக எண்ணிக்கையோடு குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்து முடித்ததும் ஒரே தாளில் நான்கு பட்டியல் எழுதுங்கள்: நகர்பவை (லாட்கள்), பிடிபடுபவை (மெஷின், டிராலி, மாஸ்டர், டிரையர்), நிகழ்வுகள் (வருகை, ஏற்றுதல், ஷேடு கேட்டல், ஒப்புதல், இறக்குதல், பழுது, ஷிப்ட் மாற்றம்), விதிகள் (காத்திருக்கும் லாட்களில் அடுத்தது எது). கடைசிப் பட்டியல் எழுதக் கஷ்டமானது. வெளிர் ஷேடிலிருந்து அடர் ஷேடுக்குப் போகலாம், கறுப்புக்குப் பிறகு வெளிர் நிறம் என்றால் மெஷினைக் கழுவ வேண்டும், அவசர ஷிப்மென்ட் என்றால் எல்லாமே மாறும். மாஸ்டர் இதை விதியாகச் சொல்லமாட்டார். "நேற்று ராத்திரி இந்த லாட்டை ஏன் முதல்ல ஏத்துனீங்க?" என்று நடந்ததைக் கேட்டால் சொல்வார்.

3. தரவை எடுங்கள், எடுத்ததை அப்படியே நம்பாதீர்கள்

முதலில் லாக் புத்தகத்தின் நேரங்களைக் கவனியுங்கள். 6.00, 6.30, 2.00, 2.30 என்று எல்லாம் அரை மணியில் முடிந்தால், அவை நடந்தபோது எழுதப்படவில்லை, ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. அது குற்றமில்லை, ஆபரேட்டருக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் 20 நிமிட வேலைக்கு இந்தத் தரவு உதவாது. ஏற்றுதல், இறக்குதல் போன்ற சிறு வேலைகளை நீங்களே கடிகாரம் வைத்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, வேலை நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் பிரித்து எடுங்கள். புத்தகத்தில் "தொடக்கம்", "முடிவு" என்று இரண்டு நேரம் மட்டும் இருந்தால், ஷேடுக்காக நின்ற நேரமும் அதற்குள் ஒளிந்திருக்கும். அதை வேலை நேரம் என்று மாடலுக்குள் போட்டு, மாஸ்டருக்காகக் காத்திருப்பதையும் தனியாகப் போட்டால் ஒரே தாமதம் இரண்டு முறை கணக்கில் ஏறும்.

மூன்றாவது, சராசரியோடு நிறுத்தாதீர்கள். வெள்ளை 4 மணி, கறுப்பு 9 மணி என்றால் இரண்டின் சராசரியில் எந்த லாட்டும் ஓடுவதில்லை. ஷேடு வகைவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பரவல் பொருத்துங்கள். ஒரு மாஸ்டரிடம் கேட்டபோது வந்த பதில் இது: "ஷேடு ஒத்து வந்தா எட்டு மணி நேரமுங்க. வரலீன்னா அது வர்ற வரைக்கும்." அந்த ஒரு வரியில் இரண்டு பரவலும் ஒரு நிகழ்தகவும் இருக்கின்றன: சரியாக வந்த லாட்டின் நேரம், ஒத்து வராத லாட்டுக்கு மறுபடி சாயம் சேர்க்கும் டாப்பிங்குக்கு ஆகும் கூடுதல் நேரம், டாப்பிங் தேவைப்படும் வாய்ப்பு. மூன்றையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள்.

வேலை நேரத்துக்கு நார்மல் பரவல் வேண்டாம். அது எதிர்மறை எண்ணையும் தரும். காமா, லாக்நார்மல் இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். தரவே இல்லாத இடத்தில் மாஸ்டரிடம் குறைந்தபட்சம், வழக்கம், அதிகபட்சம் என்று மூன்று எண் கேட்டு முக்கோணப் பரவல் போடலாம். ஆனால் அப்படிப் போட்டதை ஊகம் என்று குறித்து வையுங்கள். பிறகு அந்த எண்ணை மாற்றிப் பார்த்து, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று சோதிக்க வேண்டும்.

வருகைக்குப் பாடப்புத்தகம் எக்ஸ்பொனென்ஷியல் இடைவெளி போடச் சொல்லும். திருப்பூரில் துணி அப்படி வருவதில்லை. ஒரு பார்ட்டியின் ஆர்டர் ஒரே வண்டியில் வந்து ஐந்தாறு லாட்டாகப் பிரியும். எனவே வண்டி வரும் இடைவெளி ஒரு பரவல், ஒரு வண்டியில் எத்தனை லாட் என்பது இன்னொரு பரவல். தனித்தனி லாட்டாக வருவதாகப் போட்டால் வரிசை நிஜத்தைவிடக் குட்டையாகத் தெரியும்.

பழுதுக்கு இடையிலான நேரத்தை மெஷின் ஓடிய மணிகளில் அளங்கள், காலண்டர் நாட்களில் வேண்டாம். நிற்கும் மெஷின் பெரும்பாலும் பழுதாவதில்லை. தீபாவளிக்கு முந்திய நெருக்கடி வாரங்களையும், பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போன வாரங்களையும் மற்ற வாரங்களோடு கலக்காதீர்கள். அவை வேறு நிலைமை, தேவையென்றால் தனி ஓட்டமாகப் பாருங்கள்.

4. விடை தெரிந்த குட்டி மாடலில் தொடங்குங்கள்

பட்டறையை இன்னும் தொடாதீர்கள். ஒரு மெஷின், ஒரு வரிசை. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, சராசரி வேலை 8 நிமிடம், இரண்டும் எக்ஸ்பொனென்ஷியல். இதற்கு எம்/எம்/1 என்று பெயர். வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 32 நிமிடம் என்று சூத்திரமே சொல்லிவிடும். வேலை நேரத்தைச் சரியாக 8 நிமிடம் என்று நிலையாக வைத்தால் காத்திருப்பு பாதியாகி 16 நிமிடம் ஆகும். உங்கள் நிரல் இந்த இரண்டையும் தர வேண்டும். ஒரு லட்சம் வருகைக்காவது ஓட்டுங்கள், சில நூறு வருகையில் எண் நிலைக்காது.

32க்குப் பதில் 40 வந்தால், வேலை நேரமான 8 நிமிடத்தையும் சேர்த்து அளக்கிறீர்கள். வேறு ஏதோ எண் வந்தால் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

பைத்தானின் ரேண்டம் தொகுதியில் எக்ஸ்பொனென்ஷியல் எண் எடுக்கும்போது வீதத்தைக் கொடுக்க வேண்டும், 10 நிமிடம் என்றால் 0.1. நம்பை (NumPy) நூலகத்தில் அதே வேலைக்குச் சராசரியை, அதாவது 10ஐக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிக் கொடுப்பதுதான் நான் மாணவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை. லாக்நார்மலுக்குக் கேட்கப்படும் சராசரியும் விலகலும் நேரத்தின் மடக்கைக்கு உரியவை, நேரத்துக்கு உரியவை அல்ல.

சிம்பையில் காத்திருக்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'யீல்ட்' வேண்டும். மறந்தால் பிழைச்செய்தி வராது, லாட் காத்திருக்காமல் தாண்டிப் போய்விடும். வளத்தைக் கேட்டு வாங்கியதை 'வித்' தொகுதிக்குள் எழுதினால் விடுவிக்க மறக்கும் ஆபத்து இல்லை. இன்னொன்று, நிமிடத்துக்கு நிமிடம் சுற்றும் லூப் எழுதாதீர்கள். இந்த முறையில் கடிகாரம் ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்கு நேராகத் தாவுகிறது. நடுவில் எதுவும் மாறாத நேரத்தைக் கணக்கிட வேண்டியதில்லை.

5. ஒவ்வொன்றாகச் சேருங்கள்

வண்டி வருகை, ஷேடு வகை, மெஷின் கொள்ளளவு, கழுவுதல், ஷேடு ஒப்புதல், டாப்பிங், டிராலி, பழுது. இந்த வரிசையிலேயே, ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகு ஒரு லாட்டின் முழு வரலாற்றையும் நேரத்தோடு அச்சிட்டு வரிவரியாகப் படியுங்கள். மொத்தமாகச் சேர்த்துவிட்டால் பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

திருப்பூர்ப் பட்டறையில் கழிவுநீரையும் மறக்க முடியாது. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பின் சொட்டு நீரும் வெளியேற்றாத ஏற்பாடு இல்லாமல் பட்டறை ஓட முடியாது. எனவே ஒரு நாளில் சுத்திகரிப்புக்கு எவ்வளவு நீர் அனுப்பலாம் என்பதும் ஒரு வளம். 250 கிலோ துணிக்கு 1:8 லிக்கர் ரேஷியோ (துணி எடைக்கும் நீருக்கும் உள்ள விகிதம்) என்றால் ஒரு பாத்துக்கு, அதாவது மெஷினில் ஒரு முறை நீர் நிரப்ப, 2,000 லிட்டர். வாஷ்களையும் சேர்த்து 8 பாத் ஆனால் 16,000 லிட்டர். உங்கள் பட்டறையில் இந்த வரம்பு அடிக்கடி தொடப்படுகிறது என்றால், இன்னொரு மெஷின் வாங்கியும் பயன் இருக்காது. சிம்பையில் இதற்குக் 'கன்டெய்னர்' என்ற வகை பொருந்தும். முதலில் வந்தது முதலில் என்ற வரிசை போதும் என்கிற இடங்களுக்கு 'ரிசோர்ஸ்' போதும்.

ஒரே நேரத்தில் விழும் நிகழ்வுகளுக்கும் விதி எழுதுங்கள். காலை 8 மணிக்கு ஷிப்ட் மாறுகிறது, அதே 8 மணிக்கு மெஷின் முடிகிறது என்றால், இறக்குவது பழைய ஆளா, புதிய ஆளா? நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் தன் வழக்கப்படி முடிவெடுத்துவிடும். சிம்பையில் முன்னுரிமை சமமாக இருந்தால் முதலில் பதிவானது முதலில் நடக்கும்.

6. நிரல் சரியா, மாடல் சரியா என்று தனித்தனியாகப் பாருங்கள்

நிரலுக்கு: உள்ளே வந்த லாட் எண்ணிக்கை, வெளியே போனதும் உள்ளே இருப்பதும் சேர்ந்ததற்குச் சமமா? டாப்பிங் வாய்ப்பைப் பூஜ்யமாக்கினால் நேரம் குறைகிறதா? டிராலியை ஆயிரமாக்கினால் அடைப்பு மறைகிறதா? ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இங்கே கை கொடுக்கும்: உள்ளே இருக்கும் சராசரி லாட் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் சராசரித் தங்கல் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமமாக வர வேண்டும். நீண்ட ஓட்டத்தில் இது ஒத்துவரவில்லை என்றால் எங்கோ அளவீடு தவறு.

மாடலுக்கு: நீங்கள் உள்ளே போடாத ஒரு எண்ணோடு ஒப்பிடுங்கள். தினமும் காலை 8 மணிக்கு ஏற்றாமல் தரையில் இருக்கும் லாட் எத்தனை என்று இரண்டு வாரம் எண்ணி வையுங்கள். மாடலின் காலை 8 மணி எண்ணிக்கையும் அதே வீச்சில் இருக்கிறதா? உள்ளே போட்ட சராசரியே வெளியே வருகிறது என்று காட்டுவது சோதனை ஆகாது.

மாஸ்டரிடம் வரைபடத்தை நீட்டாதீர்கள். மாடல் ஓடிய ஒரு நாளை லாக் புத்தக வடிவில் அச்சிட்டுக் கொடுங்கள். "கறுப்பு முடிஞ்ச ஒடனே அதே மெஷின்ல பேபி பிங்க் ஏத்தறாங்களா? யாருங்க ஏத்துவா?" என்று அவர் கேட்டால், விடுபட்ட விதி ஒன்று கிடைத்துவிட்டது.

7. ஓட்டத்தின் நீளத்தையும் எண்ணிக்கையையும் முடிவு செய்யுங்கள்

மாடல் காலிப் பட்டறையோடு தொடங்குகிறது, நிஜப் பட்டறை அப்படி இல்லை. முதல் சில நாள் எண்கள் காத்திருப்பைக் குறைத்துக் காட்டும். பல ஓட்டங்களின் சராசரியை எடுத்து, வெல்ச் முறையில் நகரும் சராசரியாக வரைந்து, கோடு சமப்படும் இடத்துக்கு முன்னால் இருப்பதை வெட்டி எறியுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளியே வெட்டுங்கள்.

பிறகு வெவ்வேறு ரேண்டம் எண்களோடு குறைந்தது 10 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்தின் சராசரியும் ஒரே ஒரு அவதானிப்பு. 10 சராசரிகளின் சராசரி 31 மணி, திட்ட விலகல் 2.8 மணி என்றால், 2.262ஐ 2.8ஆல் பெருக்கி 10இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2 வரும். 95 சதவீத இடைவெளி 29 முதல் 33 மணி வரை. இந்த அகலத்தைப் பாதியாக்கச் சுமார் நான்கு மடங்கு ஓட்டம் வேண்டும்.

ஒரே ஓட்டத்தின் 5,000 லாட்களை 5,000 தனி அவதானிப்பாக எடுத்து இடைவெளி போடுவது மிகப் பரவலான தவறு. வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை ஒரே நெருக்கடியைச் சேர்ந்து அனுபவித்தவை. அப்படிப் போட்டால் இடைவெளி பொய்யாகக் குறுகித் தெரியும். வைவாவில் முதலில் மாட்டும் இடமும் இதுதான்.

8. மாற்று யோசனைகளை ஒரே நிலைமையில் ஒப்பிடுங்கள்

இப்போது கேள்விக்கு வரலாம்: புதிய மெஷின், வரிசை மாற்றம், ராத்திரி ஷேடு பார்க்க ஆள். மூன்றும் அதே வண்டிகளை, அதே லாட்களை, அதே பழுதுகளைச் சந்திக்க வேண்டும். இல்லையென்றால் யோசனையால் வந்த வேறுபாடா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

ஒரே சீட் எண்ணை (ரேண்டம் எண்கள் தொடங்கும் எண்ணை) கொடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. எல்லாவற்றுக்கும் ஒரே எண் ஓடையைப் பயன்படுத்தினால், ஒரு யோசனையில் ஒரு எண் கூடுதலாக எடுக்கப்பட்ட உடனே மீதி எல்லாம் ஒரு இடம் நகர்ந்துவிடும். வருகைக்கு ஒரு ஓடை, வேலை நேரத்துக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று என்று பிரியுங்கள். அதைவிட நல்லது, லாட் உள்ளே வரும்போதே அதன் எடை, ஷேடு, சாய நேரம், டாப்பிங் உண்டா என்பதையெல்லாம் எடுத்து அதன் மேலேயே எழுதிவிடுவது. எந்த மெஷினுக்குப் போனாலும் அந்த லாட் அதே லாட்டாக இருக்கும்.

ஒப்பிடும்போது ஓட்டத்துக்கு ஓட்டம் கழித்து, 10 வித்தியாசங்களுக்கு இடைவெளி போடுங்கள். அந்த இடைவெளிக்குள் பூஜ்யம் இருந்தால், வேறுபாடு இருப்பதாகச் சொல்ல இந்த ஓட்டங்கள் போதவில்லை. அதையும் அப்படியே எழுதுங்கள்.

9. எழுதிக் கொடுங்கள்

ஆய்வறிக்கையில் அனுமானங்கள் அனைத்தும், பரவல்களும் அவற்றின் அளவுருக்களும், வெட்டிய தொடக்க நேரம், ஓட்டங்களின் எண்ணிக்கை, சீட் எண்கள், பைத்தான் மற்றும் சிம்பை பதிப்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். இன்னொருவர் அதை வைத்து உங்கள் 31 மணியை மறுபடி பெற வேண்டும். எதை எழுதுவது என்று சந்தேகம் வந்தால், சிமுலேஷன் ஆய்வுகளை எப்படி எழுதுவது என்று சொல்லும், 2019இல் வெளியான ஸ்ட்ரெஸ் (STRESS) வழிகாட்டுதல்களின் சரிபார்ப்புப் பட்டியலைப் பாருங்கள். அனிமேஷன் வேண்டுமென்றால் இப்போது செய்யலாம், இதற்கு முன் வேண்டாம்.

முதலாளிக்கு ஒரே பக்கம், தமிழில். கேள்வி, மூன்று யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் குறைவும் அதன் வீச்சும், ஊகமாகப் போட்ட எண்கள் எவை. அவர் ஒரு யோசனையைச் செயல்படுத்தினால், பட்டறை பழகுவதற்கு ஒரு மாதம் விட்டு மறுபடி போய் இரண்டு வாரம் காலை 8 மணி எண்ணிக்கையை எடுங்கள். அனுமதி வாங்கும் கடிதத்திலேயே இந்த இரண்டாவது வருகையையும் சேர்த்துக் கேட்டு வைத்துவிடுங்கள்.